நீலப்பூச் சரிவு

"அந்த நீலப்பூ உலகத்துலயே இந்த ஒரு சரிவுலதான் பூக்குது. நாளைக்குக் காலையில ரிசார்ட் கட்ட அதையும் வழிச்செடுக்கப் போறாங்க. உங்களுக்கு எப்படிங்க சாப்பாடு இறங்குது?" என்றாள் மனைவி. கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுப்பவள். நான்கு வருடங்களாக அந்தச் சரிவே கதி என்று கிடந்தவள்.

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதான் கோர்ட்டுல தடை கேட்டிருக்கியே."

"உத்தரவு வர மத்தியானம் ஆயிடும். அதுக்குள்ள ஒரு செடி மிஞ்சாது. ஒருநாள் லீவு போட்டுட்டு என்கூட வந்து நில்லுங்களேன்."

"நாளைக்கு முடியாது."

அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

காலை ஏழு மணிக்கு அவள் மட்டும் சரிவில் போய் நின்றாள். புல்டோசர் உறுமிக்கொண்டு மேலேறி வந்தது. அவள் நகரவில்லை. நாலடி தள்ளி வண்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது அவள் கணவன்.

"நேத்து வரைக்கும் கம்பெனியோட ரோடு வேலைக்குத்தானே புல்டோசர் ஓட்டிட்டிருந்தீங்க?"

"இதுக்கு வேற ஆளைப் போட்டிருந்தாங்க. நான்தான் கேட்டு மாத்திக்கிட்டேன். சொன்னா நீ விட்டிருக்க மாட்ட."

அவன் என்ஜின் மூடியைத் திறந்து ஒரு வயரைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "வண்டி ரிப்பேர். மெக்கானிக் வர சாயங்காலம் ஆகும்."

மூன்று மணிக்குத் தடை உத்தரவு வந்தது. அதற்குள் மேற்பார்வையாளர் அவனை வேலையை விட்டே நீக்கியிருந்தார்.

இருவரும் கீழே இறங்கினார்கள். பூக்கள் மிதிபடாமல் ஒவ்வொரு அடியையும் அவன் பார்த்துப் பார்த்து வைத்தான்.