நீலம் போட்ட வெள்ளை

எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனி வெயில். திருத்தணி மலைக்குக் கீழே செம்மண் தரிசில் இரண்டு பெரிய துணிகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, முனைகளில் கல் வைத்து விரிந்து கிடக்கின்றன. வரப்போகும் விமானத்தின் கேமரா இவற்றை வைத்துத்தான் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்று ஆய்வுக்கூடத்தில் முன்பே அளந்தாயிற்று. அந்த அளவை நம்பி ஜீப்பில் வந்திருக்கும் வரதராஜன், வெள்ளையின் ஓரத்தில் குந்திக் கண்ணைச் சுருக்குகிறார். மடிப்புகளின் நிழலில் நீலம் தெரிகிறது.

“நேத்து உங்க வீட்ல வச்சிட்டுப் போனோமே, இத என்னம்மா செஞ்சீங்க?”

தறிக்கார வீட்டு ஞானம்மாள் பெருமையாகச் சொல்கிறாள். “ஒரே மண்ணா இருந்திச்சிங்க. சவுக்காரம் போட்டுக் கசக்கி, நீலத்துல முக்கி எடுத்தேன். மேலருந்து பாக்கறவங்களுக்குப் பளிச்சுனு தெரிய வாணாமா?”

அவர் வாய் திறப்பதற்குள் இரைச்சல் வந்துவிடுகிறது. விமானத்தின் நிழல் கறுப்பின் மேல் காணாமல் போய், வெள்ளையின் மேல் மறுபடி தெரிந்து, பனைமரங்களைத் தாண்டிப் போகிறது. பிறகு காற்று மட்டும் துணியைத் தூக்கித் தூக்கி விடுகிறது.

“இப்படியே எடுத்துட்டுப் போய் மறுபடி அளக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதும்மா.”

“ஆங், சரிங்க.”

அவர் கல்லை எடுக்கத் திரும்புகிறார். அவர் குந்தியிருந்த ஓரத்தில் செருப்பின் செம்மண் தடம். ஞானம்மாள் முந்தானை நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு குனிகிறாள்.