வாத்தியார் வராத பந்தி

“நேற்று மத்தியானமும் காணேல்லை, இரவும் காணேல்லை. இண்டைக்குக் காலமையும் இல்லை” என்றார் தேவராசா. “எங்கடை இராசநாயகம் வாத்தியாருக்குப் பந்தி சரிவராது போலை.”

போதகர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“சுகமில்லையோ தெரியாது.”

“சுகமில்லாத ஆள் விடியச் செபத்திலை அந்தப் பாட்டுப் பாடுவாரோ? வெளிப்படையாச் சொல்லுறன் ஐயா. பக்கத்திலை ஆர் வந்து இருப்பினமோ எண்டு மனுசன் பயப்பிடுறார். சாதி உள்ளுக்கு ஊறின சாமான். ஞானஸ்நானத் தண்ணியிலை லேசிலை கழுவுப்படாது.”

தேவராசாதான் சபை மகாநாட்டுக் காரியதரிசி. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு, காங்கேசன்துறைத் தென்னந்தோப்பில் பந்தல். முன்பெல்லாம் சிலருக்குப் பந்தலுக்கு வெளியேதான் இலை போடுவார்கள். இந்த முறை எல்லோருக்கும் ஒரே பந்தி என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். முதல் நாள் அதைப்பற்றி அவர் பேசியபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். போதகரும் துடைத்தார்.

“பின்னேரக் கூட்டத்திலை அச்சுவேலிச் சபைக்கு உபதேசியார் ஆரெண்டு சொல்லப்போறியள். இராசநாயகத்தின்ரை பேரைச் சொன்னால் நான் மேடையிலை இருக்கமாட்டன்.”

போதகர் இராசநாயகத்தைக் கிணற்றடியில் பிடித்தார்.

“பந்தியிலை ஏன் இருக்கிறேல்லை?”

“நான் சாப்பிடுறன், ஐயா. பட்டினி இல்லை.”

“நான் கேட்டது அதில்லை. உபதேசியார் வேலை உமக்கு வேணுமோ?”

“வேணும் ஐயா. பள்ளிக்கூடத்தை விட்டிட்டு ஊழியத்துக்கு வரவேணுமெண்டுதான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

“அப்ப மத்தியானம் பந்தியிலை எனக்குப் பக்கத்திலை இரும்.”

இராசநாயகம் வாளிக் கயிற்றைச் சுற்றி வைத்தார்.

“ஏலாது, ஐயா.”

“காரணம்?”

“சொன்னால் வேறை ஒராளுக்குக் கரைச்சல்.”

நல்ல சாட்டு என்று போதகர் நினைத்தார். மனது கசந்தது. பின்னேரம் இவர் பேரைச் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பந்தலில் இலை போட்டாகிவிட்டது. போதகருக்கு உட்கார மனம் வரவில்லை. இராசநாயகம் எங்கேதான் சாப்பிடுகிறார், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று சமையல் கொட்டிலுக்குப் போனார்.

சமைப்பதற்கென்று குருநகரிலிருந்து வந்திருந்த லூர்த்தம்மா, மீன்குழம்பை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இராசநாயகம் வாத்தியார் இஞ்சை வந்தவரோ?”

“விறகுக்குப் பின்னாலை பாருங்கோ, சாமி. நான் கத்தோலிக்கச்சி, உங்கடை ஆக்களின்ரை சோலி எனக்கேன்?”

விறகுக் குவியலுக்குப் பின்னால் இரண்டு இலைகள். இராசநாயகத்துக்கு எதிரே இன்னொருவர். தோளில் வெளுத்த சால்வை. சோற்றைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“காலமைச் செபத்திலை அந்தப் பாட்டை நான் பிசகாமல் பாடினனோ, வாத்தியார்?”

“பிசகினது. ஆனால் நல்ல சத்தமாப் பிசகினது. அது காணும்.”

இருவரும் சிரித்தார்கள். போதகரைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“இவர் ஆர்?”

“சிமியோன், ஐயா. எங்கடை சபையிலை போன மாசம் ஞானஸ்நானம் பெற்றவர்.”

“பின்னை ஏன் இஞ்சை ஒளிச்சிருந்து சாப்பிடுறியள்? அங்கை ஒரே பந்தி. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

“இஞ்சை சொல்லமாட்டினம், ஐயா” என்றார் சிமியோன். “எங்களைக் குடியிருத்தின காணிக்கார நயினாரும் அந்தப் பந்தியிலை இருக்கிறார். அவரோடை சரிசமனா இருந்து திண்டிட்டு ஊருக்குப் போனால், என்ரை கொட்டில் நிக்காது. மனுசி பிள்ளைத்தாச்சி.”

போதகர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கூட்டத்தைப் பந்தலுக்கு வெளியிலை நிண்டு கேட்டிடுவன். சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை. நேற்றுத் திரும்பிப் போக வெளிக்கிட்டனான். வாத்தியார்தான் படலையிலை மறிச்சவர். இரும், நானும் உம்மோடை இருக்கிறன் எண்டார்.” சிமியோன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “என்னோடை ஒருத்தர் கதைச்சுக் கதைச்சுச் சாப்பிட்டதை வீட்டிலை சொன்னால் மனுசி நம்பமாட்டாள்.”

“ஆர் அந்தக் காணிக்காரர்?”

சிமியோன் மறுபடி சோற்றைக் குழைக்கத் தொடங்கினார்.

“அதை மட்டும் கேளாதையுங்கோ, ஐயா” என்றார் இராசநாயகம். “அவரின்ரை காதிலை விழுந்தால் பிறகு ஒண்டும் செய்யேலாது.”

வெளியே காலடிச் சத்தம். பந்தி தொடங்கப் போதகரைத் தேடிவந்த தேவராசா, விறகுக் குவியலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது இராசநாயகமும் அவருடைய இலையும்தான்.

“பாத்தியளோ, ஐயா? அவ்வளவு சனத்தையும் விட்டிட்டு அடுப்படியிலை வந்து தனியச் சாப்பிடுறார். உவரையோ உபதேசியாராக்கப் போறியள்?”

சிமியோன் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. தோளில் கிடந்த சால்வை அக்குளுக்குள் இருந்தது. சோற்றுக் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. உடம்பு பாதியாகக் குனிந்திருந்தது.

“கும்பிடுறன், நயினார்” என்றார்.

தேவராசா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதிலுக்காகப் போதகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம், இவரைத்தான்” என்றார் போதகர்.