தம்பி வாசலுக்கு வாங்கிய குதிரை
"கொட்டுச் சத்தம் காதுல உழுந்தாப் போதுமுங்க, கட்டிப் போட்டாலும் நிக்காதுங்க" என்று சந்தையில் குதிரையை விற்றவன் சொன்னபோது பொங்கியண்ணனுக்கு உச்சி குளிர்ந்தது. சுழி பார்த்தான், பல் பார்த்தான், மூன்று முறை ஆடவிட்டும் பார்த்தான். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி ராசப்பனின் வாசலில், மாரியம்மன் ஊர்வலத்தன்று அதை ஆடவிட வேண்டும். அவன் வயிறு எரிய வேண்டும். அதற்காகத்தான் வாங்கினான். ஊர்வலத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ராசப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான். சாவு வீட்டுக்குப் போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் பொங்கியண்ணன் தன் வாசலில் குதிரையின் பக்கத்திலேயே நின்றிருந்தான். பாடை அவன் தெருவுக்குள் திரும்பியதும் பறை அதிர்ந்தது. குதிரை காதை நிமிர்த்தி முன்னங்காலைத் தூக்கியது. "நில்லு, சனியனே" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். அது நிற்கவில்லை. ஒத்திகைக்குக் கட்டிய சலங்கை இன்னும் காலிலேயே இருந்தது. மண்டியிட்டு அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகிக் கிடந்தது. குளம்பு அவன் முகத்தருகே தாளம் தப்பாமல் எழுந்து விழுந்தது. சட்டென்று பறை ஓய்ந்தது, குதிரையும் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பாடையை நிறுத்தியிருந்தார்கள். ராசப்பன் மனைவி மயிலாத்தா, சலங்கையைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தவனை அழுது வீங்கிய கண்ணால் பார்த்தாள். பிறகு கொட்டுக்காரர்களிடம் திரும்பினாள். "ஏனுங்க நிறுத்திட்டீங்க? பெரியவரு பாவம், குதிரைக்குச் சலங்கையெல்லாம் கட்டிக்கிட்டு இருக்காரு. அடிங்க."