மூடி கழற்றிய பாட்டில்கள்

நருசே ஆறு மணிக்கு எழுந்து அரிசி களைந்து குக்கரில் வைக்கிறான். காலியான சோயா சாஸ் பாட்டிலை வெந்நீரில் கழுவித் துடைத்து, மூடியை இறுக்கித் திருகுகிறான். சட்டைப்பையில் நுகர்வோர் கூட்டுறவிலிருந்து விலகுவதற்கான கடிதம் இருக்கிறது. இன்று புதன்கிழமை; பாட்டிலோடு கீழே இறங்கினால், கூட்டுறவு வண்டி வந்து நிற்கிறது. எட்டு வீட்டுக்காரர்கள் முட்டையையும் பாலையும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி முட்டைக்கோஸைச் சரிபாதியாக வெட்டுகிறாள். மனைவி சாயோரி முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பட்டியல்படி அவன் பங்கும் வந்திருக்கிறது. அவள் இறந்து பதினோரு நாளாகிறது. படிக்கட்டில் திருப்பி அனுப்பவேண்டிய காலிப் பாட்டில்கள் மூடியில்லாமல் வரிசையாக நிற்க, வெயில் அவற்றுக்குள் புகுந்து தரையெங்கும் பழுப்பாய்ப் பரவுகிறது. முகம் தெரியாத எத்தனையோ சமையலறைகளுக்குப் போய், கழுவப்பட்டு, நிரம்பி, மறுபடி இங்கே வந்து நிற்கும் கண்ணாடி. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

"மூடியோடவா கொண்டாந்த தம்பி?" முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்த ஹிராயாமா அக்கா சிரிக்கிறாள். "சாயோரி பாத்திருந்தா உன் தோல உரிச்சிருப்பா. பாட்டில குப்பையில போடக் கூடாதுன்னு சட்டம் கேட்டு, வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்குனவ."

நருசே கடிதத்தை எடுக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பாட்டிலை வரிசையில் வைக்கிறான். ஆஸ்பத்திரியில், கண் திறக்காமலே அவள் கடைசியாகச் சொன்னது:

"மூடிய கழட்டி வை. உள்ள காயட்டும்."