காலடி ஓசை

ஓட்டக் குழுவின் ஆண்டு மலர் வந்து நாலைந்து நாளாகியும் அதைப் பிரிக்கப் பூங்கோதைக்கு நேரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் தணிகாசலம் வழக்கம்போல ஓடப் போன பிறகு, அதை எடுத்துப் புரட்டினாள். நடுப்பக்கத்தில் அவர் படம். வங்கி வேலைக்கு நடுவே நெடுந்தூரம் ஓடும் அவரது வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள். அவர் குடிக்கும் கம்பங்கூழ், முதல் மாரத்தானில் வாய்பிளந்த ஷூ என்று சிரித்தபடியே படித்து வந்தவளுக்கு ஓரிடத்தில் சிரிப்பு அடங்கியது. "பாதி தூரம் தாண்டினால் நெஞ்சை அடைக்கும், இடது கை மரத்துப்போகும். கண்டுகொள்ளாமல் ஓடினால் தானாகச் சரியாகிவிடும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அவளிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. உடனே கைபேசியில் அவரை அழைத்தாள். அவர் ஓடிக்கொண்டே பேசினார். மூச்சிரைப்போடு, தார்ச்சாலையில் ஷூ பதியும் ஓசையும் கேட்டது.

"என்னம்மா?"

"எங்க இருக்கீங்க?"

"குளத்துக்கரை ஏறிட்டேன். இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"கை மரத்திருக்கா?"

காலடி ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

"நில்லுங்க. அங்கயே உக்காருங்க. நான் வண்டி எடுத்துட்டு வரேன்."

"முடிச்சிட்டு வந்துடறேன் கோதை."

"நில்லுங்கன்னு சொல்றேன்ல."

காலடி ஓசை நின்றது.

"நின்னுட்டீங்களா?" என்று கேட்டாள்.

எங்கோ ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "என்னங்க, நீங்களாத்தானே நின்னீங்க?" என்று மறுபடியும் கேட்டாள்.