நீல நூல்

சட்டத்தை மறுபடியும் திருத்தினார்கள். முதலில் தூக்கு என்றிருந்தது, பிறகு ஆயுள் ஆனது, இப்போது திரும்பவும் தூக்கு. அதனால் என் தம்பி அமலனின் கொலை வழக்கை மூன்றாவது முறையாக விசாரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட லூர்துராஜ் வீட்டில் கிடைத்த வெள்ளைச் சட்டை தம்பியுடையதுதான் என்று ஒவ்வொரு முறையும் நான் கூண்டேறிச் சொல்ல வேண்டும். அடையாளம், நான் நீல நூலால் தைத்துக் கொடுத்த ஒரு பொத்தான்.

“உங்க தம்பி போட்டதவிட நாங்க பிரிச்சு மடிச்சதுதான்க்கா அதிகம்” என்றபடி குமாஸ்தா சட்டையை உதறினார். இற்றுப்போன நூல் அறுந்து, பொத்தான் உருண்டு, லூர்துராஜின் தாய் மரியதங்கத்தின் காலடியில் நின்றது. எட்டு வருடமாக அவரும் நானும் ஒரே பேருந்தில்தான் நீதிமன்றத்துக்கு வருகிறோம். அவர் குனிந்து அதை எடுத்தார். என்னைப் பார்த்தார். விரல்களை மூடிக்கொண்டார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

“நீங்க சொன்ன பொத்தானக் காணோமேம்மா” என்றார் நீதிபதி. “இது உங்க தம்பி சட்டைதானா?”

மூடிய அந்தக் கையை மரியதங்கம் மடியில் வைத்திருந்தார். சட்டையில் நீல நூலின் நுனி இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்கம்மா.”