புருனோவின் அறையில் ஒரு சத்தம்

“அந்தச் சனியனைக் கழட்டி வெளிய எறிஞ்சாலும் சரி, இன்னிக்கு அந்தச் சத்தம் நிக்கணும் நிபால்டோ” என்றாள் மில்கா.

குழாய் வேலை பார்க்க வந்த நிபால்டோ, பனி ஒட்டிய காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான். “எப்படிம்மா சத்தம் வருது?”

“டொக்... டொக்னு. நேத்து சாயங்காலம் ரொட்டிக் கடையைச் சாத்திட்டு வந்து அக்கடான்னு உக்காந்தேன், ஆரம்பிச்சிடுச்சு. ஆளில்லாத ரூம்ல என்ன சத்தம் வேண்டிக்கிடக்கு?”

“எந்த ரூம்மா?”

“அதான், மாடியில. அவன் இருந்த ரூம்.”

அவன் பெயர் புருனோ என்பது தெருவுக்கே தெரியும். ஒரே பிள்ளை. கடையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு, வடக்கே சுரங்க வேலைக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் போன அன்றே மில்கா மாடியேறி, அந்த அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வை இறுக்கி மூடினாள். இனி அந்த அறைக்குள் ஒரு சொட்டுச் சுடுதண்ணீர் போகக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் காதுபடவே சொன்னாள். மில்கா சொன்னால் சொன்னதுதான். சிலியின் தென்கோடி ஊரான புந்தா அரேனஸின் காற்றுகூட அவளைக் கண்டால் கொஞ்சம் யோசித்துத்தான் வீசும்.

அவள் கணவர் அன்செல்மோ, குடித்துக்கொண்டிருந்த மாத்தே இலைத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். “வா, நான் காட்டறேன்.”

ஜூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம். காலை ஒன்பது தாண்டியும் சரியாக விடியவில்லை. அறைக்குள் நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஜலசந்தியில் ஒரு கப்பல், நிற்கிறதா நகர்கிறதா என்று சொல்ல முடியவில்லை. நின்ற இடத்திலேயே தூக்கம் வரும் போலிருந்தது நிபால்டோவுக்கு.

சுவரோரம் இருந்த பழைய இரும்பு ரேடியேட்டர்மேல் கை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“மூடி வெச்சதுன்னாங்க, வெதுவெதுன்னு இருக்கே அய்யா?”

அன்செல்மோ கதவைச் சாத்தினார். “மெதுவாப் பேசு” என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“நான்தான் திறக்கறேன். தினம் அவ கடைக்குப் போனதும் திறப்பேன். வர்றதுக்குள்ள மூடிடுவேன். நேத்தைய சூடு இன்னுமா இருக்கு?”

“பழைய இரும்பு” என்றான் நிபால்டோ. அவனுக்கே அது சரியாகப் படவில்லை.

“சூடு ஏறும்போது அந்தச் சத்தம் வரும் பாரு, நான் கண்ணை மூடி இங்கயே படுத்திருப்பேன். அரைத் தூக்கத்துல, அவன் ரூமுக்குள்ள நடக்கற மாதிரியே இருக்கும். எதையோ தேடுவான், சட்டையை மாட்டுவான். நான் கண்ணைத் திறக்கவே மாட்டேன்.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா இதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவா. அப்புறம் இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு? சத்தத்தை மட்டும் நிறுத்துப்பா. சூட்டை நிறுத்திடாத.”

நிபால்டோ வேலையைப் பார்த்தான். முதலில் உள்ளே அடைத்திருந்த காற்றை வெளியே விட்டான். பிறகு தரைப் பலகையைப் பெயர்த்துக் காட்டினான்.

“குழாய் சூடானா நீளும், ஆறினா சுருங்கும். ரெண்டு தடவையும் பலகையில உரசுது. அவ்வளவுதான்.”

உரசும் இடத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிப் பலகையை மூடினான். வால்வைத் திறந்தான். சூடு ஏறியது. அன்செல்மோ கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

“ஒண்ணுமே கேக்கலையே” என்றார் அவர்.

“நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.” எழுந்து வால்வை மூடிவிட்டு, கட்டில் விரிப்பைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிபால்டோ தனியாகக் கீழே இறங்கினான். வண்டியில் பெட்டியை வைக்கும்போது மில்கா சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு பனியில் ஓடி வந்தாள்.

“கழட்டிடலையே?”

“இல்லம்மா. சத்தம் மட்டும் போயிடுச்சு.”

“அப்பாடா. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், நீ நிஜமாவே கழட்டிடுவியோன்னுதான் ஓடி வந்தேன்.” மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். “அவர்கிட்ட மூச்சு விடாத. சத்தத்துல எங்க முழிச்சுக்குவாரோன்னு தினம் பயந்து சாகறேன். ராத்திரி அவர் தூங்கினதும் நான்தான் அதைத் திறந்துவிட்டுட்டு, என் புள்ளை கட்டில்ல போய்ப் படுத்துக்கறேன்.”